‘மனுஷன் போட்ட சட்டம்தானே?’

வாசகர் கேள்வி: 2025 மார்ச் 7, வெள்ளி மதியம்

அக்கா, ஒரு வழக்கு. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியில் இன்று ஒருவர் ட்ரீட் கொடுத்தார். சிக்கன் பிரியாணி. தவக்காலத்து முதல் வெள்ளி என்பதால் நான் தயிர் சாதம் வாங்கிக்கொண்டேன். பக்கத்து சீட்டில் இருக்கும் இன்னொரு கத்தோலிக்கர், “பத்துக் கட்டளை மட்டும்தான் கடவுள் கொடுத்தது. மற்றதெல்லாம் மனுஷன் போட்ட சட்டம்தானே? மனுஷன் போட்டதை மனுஷன் மீறலாம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொல்வது சரியா?

மார்ச் 7, இரவு

முன்பாதி கிட்டத்தட்ட சரி. பின்பாதி அதிலிருந்து வரவே வராது.

வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்ப்பது, நம் பாட்டிமார் சுத்தபோசனம் என்று சொன்னது, திருச்சபை தன் அதிகாரத்தால் ஏற்படுத்திய ஒழுங்கு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1251-வது பிரிவு. 14 வயது நிரம்பியவர்களுக்குப் பொருந்தும் என்கிறது அடுத்த பிரிவு. ஒருசந்தி, அதாவது உணவைக் குறைத்து நோன்பு இருப்பது என்றால் 18 வயது முதல் 60-வது வயது தொடங்கும் வரை. இறைச்சிக்குப் பதிலாக வேறு உணவைத் தவிர்க்கச் சொல்ல ஆயர் பேரவைக்கு உரிமை உண்டு. நியாயமான காரணம் இருந்தால் பங்குச் சாமியாரே ஒருவருக்கு விலக்கு கொடுக்கலாம், அது 1245-வது பிரிவு. இப்படி வயது வரம்பும் மாற்று ஏற்பாடும் விலக்கும் ஒரு விதியிலேயே இருக்கிறது என்றால் அது மனிதர் ஏற்படுத்தியது என்று தெரிந்துகொள்ளலாம். கொலை செய்யாதே என்பதற்கு வயது வரம்பு கிடையாது. அதற்கு விலக்கு கொடுக்க எந்த ஆயராலும் முடியாது, போப்பாண்டவராலும் முடியாது.

சரி, மனிதர் ஏற்படுத்தியது என்பதால் மீறலாமா? அம்பத்தூர் சிக்னலில் எரியும் சிவப்பு விளக்கும் மனிதர் போட்டதுதான். மீறினால் அடிபடுவது குறுக்கே வருகிற ஆள்.

இன்னொன்றும் உண்டு. பத்துக் கட்டளைகளும் ஒரே வகை என்று உங்கள் நண்பர் நினைக்கிறார். ஓய்வுநாள் கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுளுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும் என்பது எல்லா மனிதருக்கும் உரிய ஒழுக்கம். அது வாரத்தின் ஏழாம் நாளாக இருக்க வேண்டும் என்பது இஸ்ரயேலருக்குக் கொடுத்த வழிபாட்டு ஒழுங்கு. அதனால்தான் நாம் சனிக்கிழமை வேலைக்குப் போகிறோம், ஞாயிறு பூசைக்குப் போகிறோம். ஒரே கட்டளைக்குள் இரண்டு வகை இருக்கிறது.

மார்ச் 8, சனி காலை

ராத்திரி எழுதியதில் ‘வகை’ என்ற பேச்சை எடுத்துவிட்டு அதற்கு அடிப்படை எதுவும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

1274-ல் இறந்த டொமினிக்கன் துறவி தாமஸ் அக்குவினாஸ் தன் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், 90-வது கேள்வியில் சட்டம் என்றால் என்ன என்று தொடங்குகிறார். சட்டம் என்று ஒன்றைச் சொல்ல அவர் எதிர்பார்ப்பது இவை: அது அறிவிலிருந்து வந்த ஒழுங்காக இருக்க வேண்டும், பொது நன்மையை நோக்கியதாக இருக்க வேண்டும், அந்தச் சமூகத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ளவர் ஏற்படுத்தியிருக்க வேண்டும், மக்களுக்கு அறிவித்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் விருப்பம் மட்டும் இருந்தால் அது அவர் கணக்கில் சட்டம் ஆகாது. நான் சிவில் வழக்குகள் பார்க்கிற வக்கீல். அரசாணையில் இன்னார் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தே பழகியவள். முதன்முதலில் இதைப் படித்தபோது ‘யார் போட்டது’ என்ற கேள்விக்குப் பக்கத்தில் ‘எதற்காகப் போட்டது’ என்ற கேள்வியை ஒருவர் சரிசமமாக வைத்திருப்பதைப் பார்த்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அடுத்த கேள்வியில் வகைகள் வருகின்றன. உலகம் முழுவதையும் நடத்துகிற இறைவனின் ஞானம்தான் நித்திய சட்டம். மழையும் மாடும் மனிதரும் எல்லாம் அதற்குள் அடக்கம். மாடு தெரியாமலே அதன்படி நடக்கிறது. மனிதன் அறிவைக் கொண்டு அதில் பங்கு பெறுகிறான், தன்னையும் மற்றவர்களையும் தானே நடத்திக்கொள்கிறான். அந்தப் பங்குதான் இயற்கைச் சட்டம். அதிலிருந்து மனிதர் தங்கள் நாட்டுக்கும் திருச்சபைக்கும் வகுத்துக்கொள்வது மனிதச் சட்டம். இறைவன் வெளிப்படுத்திக் கொடுத்தது இறைச் சட்டம். அதில் மோசே வழியாக வந்தது பழையது, கிறிஸ்து வழியாக வந்தது புதியது.

‘இயற்கை’ என்றதும் பலர் இயல்பாக எது வருகிறதோ அதைச் செய்யலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். கோபம் இயல்பாக வரும், அடிக்கக் கை இயல்பாக ஓங்கும். அவர் அதைச் சொல்லவில்லை. எது நன்மை என்று அறிவு கண்டுகொள்கிற வழியைத்தான் சொல்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்கள்: மனிதச் சட்டம் இயற்கைச் சட்டத்திலிருந்து வருகிறது என்றால் பெட்ரோல் வரி எந்த இயற்கையிலிருந்து வந்தது?

நல்ல கேள்வி. 95-வது கேள்வியில் அக்குவினாஸ் இரண்டு வழிகளைப் பிரிக்கிறார். ஒன்று, முடிவாக வருவது. யாருக்கும் தீங்கு செய்யாதே என்றால் கொலை செய்யாதே என்பது தானாக வந்து நிற்கும். இன்னொன்று, தீர்மானித்துக்கொள்வது. குற்றத்துக்குத் தண்டனை வேண்டும் என்று அறிவு சொல்லும், எத்தனை வருடம் என்று சொல்லாது. அதை அந்தந்த நாடு முடிவு செய்ய வேண்டும். வீடு கட்டும் கொத்தனாரை அவரே உதாரணம் காட்டுகிறார்: வீடு என்ற பொது வடிவம் மனதில் இருக்கிறது, இந்த வீடு இப்படித்தான் என்று அவர் முடிவு செய்கிறார்.

எங்கள் கோர்ட்டில் இது கண்முன்னால் நடந்தது. 302 என்றால் கொலை என்று ஆட்டோக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து அது 103 ஆகிவிட்டது. திருட்டு 379 போய் 303. ஏமாற்று 420 போய் 318. சீனியர் வக்கீல்கள் கையில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்த அட்டவணையோடு அலைந்தார்கள். எண் மாறியது, தண்டனை அளவுகளில் சில மாறின. கொலை தப்பு என்பதை நாடாளுமன்றம் ஏற்படுத்தவும் இல்லை, நினைத்தாலும் எடுத்துவிட முடியாது. மாறியதெல்லாம் தீர்மானித்த பகுதி. மாறாமல் நின்றது முடிவாக வந்த பகுதி.

பெட்ரோல் வரி? பொதுச் செலவுக்கு எல்லோரும் பங்கு தர வேண்டும் என்பது முதல் வகை. லிட்டருக்கு எவ்வளவு என்பது இரண்டாம் வகை.

மார்ச் 11, செவ்வாய்

“அக்குவினாஸின் 91-வது கேள்வியில் ஐந்தாவதாக ‘பாவத்தின் சட்டம்’ என்று ஒன்று இருக்கிறதே, ஏன் விட்டீர்கள்?” என்று குருமடத்தில் படிக்கிற தம்பி கேட்டிருக்கிறார். இருக்கிறது. பவுல் உரோமையருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வருகிறது, நம் உடலில் தங்கிப்போன தவறான நாட்டம். நம்மைத் தவறான பக்கம் இழுப்பதால் அதற்கு அந்தப் பெயர். வழிகாட்டும் சட்டமாக அதை அக்குவினாஸ் எண்ணவில்லை. அதனால் விட்டேன்.

மார்ச் 13, வியாழன் இரவு

நேற்று ஒரு அக்கா தனிச் செய்தியில் கேட்டார். அனுமதி வாங்கித்தான் இங்கே எழுதுகிறேன். மகனுக்கு அத்தை மகளைப் பேசி வைத்திருக்கிறார்கள். “முறைப்பெண்தானே, இதற்கு எதற்கு ஆயர் இல்லத்தில் அனுமதி?” என்பது அவருடைய வருத்தம்.

இதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். என் அண்ணன் கட்டியது அத்தை மகளைத்தான். பங்குச் சாமியார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேலே தாத்தா பெயரை எழுதினார். அதிலிருந்து இரண்டு கோடு. ஒரு பக்கம் அப்பா, அவருக்குக் கீழே அண்ணன். மறுபக்கம் அத்தை, அவருக்குக் கீழே அண்ணி. தாத்தாவை விட்டுவிட்டு மீதிப் பேரை எண்ணினார். நான்கு. “நாலாம் படி. விலக்கு வாங்க வேண்டும்” என்றார். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. ஊரே வாழ்த்துகிற சம்பந்தத்தில் தடை இருக்கிறதா?

இருக்கிறது. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1091-வது பிரிவின்படி பக்கவழி உறவில் நாலாம் படி வரை திருமணம் செல்லாது. ஆனால் அதே தொகுப்பில் 1078-வது பிரிவைப் பாருங்கள். நேர்வழி உறவுக்கும், இரண்டாம் படியான கூடப்பிறந்தவர்களுக்கும் விலக்கு ஒருபோதும் தரப்படாது. மூன்றாம் படிக்கும் நாலாம் படிக்கும் ஆயர் தரலாம். கோடு எங்கே விழுகிறது பார்த்தீர்களா? அப்பா மகள், அண்ணன் தங்கை என்ற இடத்தில் திருச்சபை தன் கையில் எதுவும் இல்லை என்று நிற்கிறது. மாமன் அக்கா மகள், அத்தை மகன் மாமன் மகள் என்ற இடத்தில் இது நான் போட்டது, நானே தளர்த்தலாம் என்கிறது.

வரலாறும் அதையே காட்டுகிறது. ஒரு காலத்தில் ஏழாம் படி வரை தடை இருந்தது. 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் அதை நான்காகக் குறைத்தது. 1917 தொகுப்பில் மூன்று ஆயிற்று. அப்போது படியை எண்ணிய முறை வேறு, அந்தக் கணக்கில் மூன்று என்றால் ஒன்றுவிட்ட உறவின் பிள்ளைகள் வரை வரும். 1983-ல் எண்ணும் முறையும் மாறி இப்போதைய நான்காம் படி. இயற்கைச் சட்டம் இப்படி நூற்றாண்டுக்கு ஒருதரம் அளவு மாறாது.

இன்னொரு பக்கமும் உண்டு. நமக்குச் சித்தப்பா மகள் தங்கை. நினைத்தாலே உடம்பு கூசும். ரோமின் கணக்கில் சித்தப்பா மகளும் அத்தை மகளும் ஒரே நாலாம் படி. அப்படியானால் நம் கூச்சம் இயற்கைச் சட்டமா, வழக்கமா? வழக்கம்தான் என்று நினைக்கிறேன். மதிக்க வேண்டிய வழக்கம், அதை மீறச் சொல்லி எந்தச் சாமியாரும் யாரையும் வற்புறுத்தப் போவதில்லை. ஆனாலும் வழக்கம்.

மார்ச் 14

நேற்றைய குறிப்புக்கு ஒரு பின்னிணைப்பு. “விலக்கு தருவார்கள் என்றால் தடையே அர்த்தமில்லாததுதானே?” என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 90-வது பிரிவு நியாயமான காரணம் இல்லாமல் விலக்கு தரக்கூடாது என்கிறது. தளர்த்தக் கூடிய விதியும் விதிதான்.

மார்ச் 16, ஞாயிறு

பிரியாணி நண்பரே வந்து எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. அவருடைய கேள்வி: “சட்டத்தை எழுத்துப்படி கடைப்பிடிப்பதே தப்பாகும் நேரம் உண்டா?”

உண்டு. அக்குவினாஸின் 96-வது கேள்வியில் முற்றுகையிடப்பட்ட நகரம் ஒன்று வருகிறது. கோட்டைக் கதவு மூடியே இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நகரத்தைக் காக்கிற வீரர்களையே எதிரி துரத்திக்கொண்டு வருகிறான். கதவைத் திறக்காவிட்டால் நகரமே போய்விடும். சட்டம் போட்டவர் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் எதைக் காக்க விரும்பினாரோ அதைக் காக்க எழுத்தை மீறித் திற என்கிறார் அக்குவினாஸ்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 2015 டிசம்பர்தான். அப்போது நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். ராத்திரி தண்ணீர் கட்டிலைத் தொட்டது. மாடி வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்தார்கள், பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மூச்சுத் திணறல், இரண்டு கைக்குழந்தைகள் வேறு. என் கணவர் அம்மிக் குழவியால் பூட்டை உடைத்தார். அடுத்த நாள் அவர்கள் அரிசியை எடுத்துத்தான் கஞ்சி வைத்தேன். என் கை நடுங்கியது. பூட்டிய வீட்டை உடைத்து உள்ளே போவதற்கு எத்தனை வருடம் என்று தெரிந்தவள் நான்.

இதற்கும் அக்குவினாஸிடம் பதில் உண்டு. உயிர் போகும் அவசரத்தில் வேறு வழி இல்லாதபோது இன்னொருவர் பொருளை எடுப்பது சரியான பொருளில் திருட்டே ஆகாது. மண்ணின் பொருள்கள் மனிதர் எல்லோரின் தேவைக்காக இருப்பவை, தனிச் சொத்து என்பது அந்த நோக்கத்துக்காக மனிதர் வகுத்துக்கொண்ட பங்கீடு. பங்கீடு மூல நோக்கத்தை அழிக்க முடியாது. வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் புதுப் பூட்டும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் பூட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 17, திங்கள்

“இப்படிச் சொன்னால் ஆளாளுக்கு ‘எனக்கு அவசரம்’ என்று கிளம்பிவிடுவார்களே?” இந்தப் பயம் அக்குவினாஸுக்கும் இருந்தது. ஆபத்து கண்முன் நிற்க வேண்டும், பொறுப்பில் இருப்பவரைக் கேட்க நேரம் இருக்கக்கூடாது. நேரம் இருந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும். தண்ணீர் ஏறும்போது கேட்க முடியாது. வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு வியாழக்கிழமையே சாமியாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம்.

மார்ச் 22, சனி

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஹைகோர்ட் வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலையைக் கடந்துதான் தினமும் போகிறேன். ராஜா தன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரா என்று ஒருவர் கேட்டதும் அதுதான் ஞாபகம் வந்தது.

அக்குவினாஸ் சொல்வது: தண்டிக்கும் கை ராஜாவுடையது என்பதால் அவரைக் கட்டாயப்படுத்த ஆள் இல்லை. ஆனால் வழிகாட்டும் பலத்தில் சட்டம் அவரையும் கட்டும், பிறருக்குப் போட்டதைத் தானும் தன் விருப்பத்தால் கடைப்பிடிக்கக் கடமைப்பட்டவர். கடவுள் முன்னால் அவருக்கு விடுதலை இல்லை. திருவாரூர் கதையில் சோழன் செய்தது அதுதான். மணி அடித்தது பசுவாக இருந்தாலும் கீழே இறங்கி வந்தான், தேரில் போனது மகனாக இருந்தாலும் விலக்கு கொடுக்கவில்லை.

ஆனால் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கன்று தானாகத் துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்தது. இளவரசன் மனதில் தீமை இல்லை. கவனக்குறைவு இல்லாமல் தற்செயலாக நேர்ந்த சாவு பாவம் ஆகாது என்று அக்குவினாஸும் சொல்கிறார், இன்றைய கோர்ட்டும் சொல்லும். கன்றின் உயிருக்கு மனித உயிர் ஈடாகவும் முடியாது. தனக்கென்று வேறு சட்டம் வைத்துக்கொள்ளாத மனசு அந்த அரசனுடையது. அதற்காகத்தான் அந்தச் சிலை அங்கே நிற்கத் தகும்.

மார்ச் 25, செவ்வாய்

“இயற்கைச் சட்டம் எல்லோர் அறிவிலும் இருக்கிறது என்றால் ஏன் எல்லோரும் ஒத்துப்போவதில்லை?”

இதற்கு அக்குவினாஸ் பூசி மெழுகாமல் பதில் சொல்கிறார். நன்மையைச் செய், தீமையை விலக்கு என்ற முதல் கொள்கை எவருக்கும் அழியாது. உயிரைக் காத்துக்கொள்வது, பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது, உண்மையைத் தேடுவது, கூடி வாழ்வது என்று மனிதரிடம் உள்ள நாட்டங்களின் வரிசையில் மற்ற கட்டளைகள் விரிகின்றன. கீழே இறங்க இறங்கச் சூழ்நிலை சேர்கிறது, தெளிவு குறைகிறது. நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்பது பொதுவாக உண்மை. அதை வாங்கித் தன் நாட்டுக்கு எதிராகவே சண்டை போடப் போகிறான் என்று தெரிந்தால் தரக்கூடாது.

அதோடு, கெட்ட பழக்கம் ஒரு சமூகத்தின் அறிவையே மழுங்கடித்துவிடும் என்றும் சொல்கிறார். பழைய ஜெர்மானியர்களிடம் கொள்ளை தப்பாகவே தோன்றவில்லை என்று ஜூலியஸ் சீசர் எழுதியதைக் காட்டுகிறார். தப்பைத் தப்பென்று ஒரு ஊரே உணராமல் இருக்கலாம். இதை எழுதும்போது ஜெர்மனி என் கண்ணில் இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் தெற்கே. பெயர் வேண்டாம். அங்கே கோயில் ஒன்று, கல்லறை இரண்டு. நடுவில் சுவர். சின்ன வயதில் அப்பாயி அடக்கத்துக்குப் போனபோது சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று கேட்டேன். பெரியப்பா “அது அவங்களுது” என்றார். யாரும் எனக்கு விளக்கவில்லை. பிறகு விவரம் தெரிந்து கேட்டபோது ஒரே பதில்தான் வந்தது: “அது காலங்காலமா இருக்கிற வழக்கம்.”

வழக்கத்துக்குச் சட்டத்தின் பலம் வருமா? வரும். அக்குவினாஸ் ஒப்புக்கொள்கிறார். திருச்சபைச் சட்டத்திலும் 26-வது பிரிவு தொடர்ந்து 30 வருடம் கடைப்பிடித்த வழக்கத்துக்குச் சட்டத்தின் பலம் உண்டு என்கிறது. ஊர்ப் பெரியவர்கள் இதைத்தான் தெரிந்தோ தெரியாமலோ பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் 24-வது பிரிவு அதற்கு முன்னாலேயே நிற்கிறது: இறைச் சட்டத்துக்கு எதிரான எந்த வழக்கமும் ஒருபோதும் சட்டமாக முடியாது. 30 வருடமானாலும் 300 வருடமானாலும் ஒன்றுதான்.

இங்கே நம் வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, 1656-ல் நம் மயிலாப்பூரில் இறந்தவர். அவர் பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் சமூக அடையாளங்கள் என்று வாதாடினார். 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி அனுமதித்தார். பிறகு 1704-ல் போப்பின் தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். அதில் ஒரே பட்டியலில் இவை வருகின்றன: ஞானஸ்நானத்தில் எச்சில் தொடும் சடங்கை விடக்கூடாது, தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, ஒடுக்கப்பட்ட மக்களின் நோயாளிகளுக்கு அருட்சாதனம் கொடுக்க அவர்கள் வீட்டுக்குள் குரு போகாமல் இருக்கக்கூடாது. 40 வருடம் சச்சரவு நடந்து 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் முடித்துவைத்தார்.

மூன்றையும் வகை பிரித்துப் பாருங்கள். எச்சில் சடங்கு திருச்சபை ஏற்படுத்தியது, இன்று அந்தக் கட்டாயம் இல்லை, யாருக்கும் நஷ்டமும் இல்லை. தாலி உருவம் முதல் கட்டளையைத் தொடுகிறது, சிலுவையோ புறாவோ பொறித்துத் தாலியை வைத்துக்கொண்டோம், வழக்கமும் நின்றது, கட்டளையும் நின்றது. மூன்றாவதை எந்தத் திருச்சபையும் ஏற்படுத்தவில்லை. மனிதனை மனிதனாக நடத்து என்பது ஆணை வருவதற்கு முன்னாலேயே கடமை. அதை ஆணையாக எழுத வேண்டி வந்ததே நமக்கு வெட்கம்.

2003 நவம்பரில் ரோமுக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டை நேரடியாகக் கண்டித்துப் பேசினார். நம் அரசமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை 1950-லேயே ஒழித்தது. என் கணக்கில் அந்தப் பிரிவு ‘முடிவாக வந்த’ வகை. நாடாளுமன்றம் தீர்மானித்துக்கொண்ட வேக வரம்பைப் போன்றது கிடையாது.

என் மனதை அறுப்பது இதுதான். வெள்ளிக்கிழமை தெரியாமல் முட்டை பப்ஸில் கோழித் துண்டு வந்துவிட்டது என்று பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடி வருகிறவர்களை எனக்குத் தெரியும். தெரியாமல் தின்றது பாவமே இல்லை. அதே ஆள்கள் அந்தச் சுவரைத் தாண்டி நடந்து போகிறார்கள், ஒன்றும் உறுத்துவதில்லை. தளர்த்தக் கூடியதைக் கடவுளே பேசியதாக எடுத்துக்கொள்கிறோம். தளர்த்தவே முடியாததை ஊர் வழக்கம் என்று விட்டுவிடுகிறோம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

நிறையப் பதில்கள். சில கோபமாக. ஒருவர் கேட்டது முக்கியமானது: “அநியாயச் சட்டம் சட்டமே இல்லை என்றால் எனக்கு அநியாயம் என்று பட்டதை எல்லாம் மீறலாமா?”

அநியாயச் சட்டம் சட்டமே இல்லை என்று பழங்காலத்து ஆயர் அகுஸ்தீனார் சொன்னதை அக்குவினாஸ் எடுத்துக்கொண்டு அளவு வைக்கிறார். ஆள்பவர் தன் லாபத்துக்காகப் போட்டது, தன் அதிகாரத்தைத் தாண்டிப் போட்டது, சுமையைச் சமமில்லாமல் ஏற்றியது: இவை அநியாயம். சட்டம் என்பதைவிட வன்முறை என்றே சொல்லத் தகும். மனச்சான்றை அவை கட்டாது. ஆனாலும் ஊர் கலைந்துபோகாமல் இருக்க ஒருவர் தன் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டி வரலாம். கடவுளுக்கு எதிராகச் செய்யச் சொல்லும் சட்டத்துக்கு மட்டும் எந்த நிலையிலும் பணியவே கூடாது. 1963-ல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங் இந்த இரண்டு பேரையும்தான் துணைக்கு அழைத்தார். அவர் மீறினார், வெளிப்படையாக மீறினார், சிறைக்கும் போனார். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் இதுவும் ஒன்றாகாது.

விட்டுக்கொடுப்பது பற்றி ஒன்று: தன் உரிமையை விட்டுக்கொடுக்கலாம் என்றுதான் அவர் சொல்கிறார். அமைதி காக்க வேண்டும் என்று இன்னொருவனின் உரிமையை நான் விட்டுக்கொடுக்க முடியாது. கல்லறைச் சுவர் விஷயத்தில் “ஊர் அமைதி” என்று எழுதியவர்களுக்கு இது என் பதில்.

ஏப்ரல் 2

சட்டம் எல்லாத் தீமையையும் தடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பான்மை மக்கள் தவிர்க்க முடிகிற, பிறரைக் கெடுக்கிற தீமைகளைத்தான் மனிதச் சட்டம் தடுக்க வேண்டும் என்கிறார் அக்குவினாஸ். பொறாமைக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

குருமடத் தம்பி திரும்ப வந்திருக்கிறார்: “புதிய சட்டம் என்றீர்கள், அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?”

அக்குவினாஸின் 106-வது கேள்வியைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. புதிய சட்டம் முதன்மையாக எழுத்தே கிடையாது என்கிறார். நம்புகிறவர்களின் உள்ளத்தில் தூய ஆவி தருகிற அருள்தான் அது. எழுதியது இரண்டாம் இடம், அந்த அருளுக்கு ஆயத்தப்படுத்தவும் அதன்படி நடக்க வழிகாட்டவும். உள்ளே குணமாக்கும் அருள் இல்லாவிட்டால் நற்செய்தியின் எழுத்துகூடக் கொல்லும் என்று எழுதுகிறார். இத்தனை பிரிவுகளும் எண்களும் அடுக்கி வைத்தவரே இதைச் சொல்கிறார். கிறிஸ்துவும் அப்போஸ்தலர்களும் வைத்த வெளி விதிகள் மிகக் குறைவு, பிறகு வந்தவை கூடிக்கொண்டே போய்ச் சுமையாகக் கூடாது என்று அகுஸ்தீனார் எச்சரித்ததையும் சேர்த்துக்கொள்கிறார்.

தம்பி, நீங்கள் நாளைக்குப் பங்குச் சாமியார் ஆவீர்கள். வெள்ளைத் தாளில் கோடு போடும்போது எதிரில் உட்கார்ந்திருக்கிற அம்மாவின் முகத்தையும் பாருங்கள்.

ஏப்ரல் 9, புதன்

முறைப்பெண் அக்காவுக்கு: நீங்கள் தனியாகக் கேட்டதற்கு இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மண்டபம் புக் பண்ணுவதற்கு முன்னால் பங்குச் சாமியாரைப் பாருங்கள். இரண்டு பேரின் ஞானஸ்நானச் சான்றிதழும் வேண்டும். உறவு முறையை மறைக்காமல் தாத்தா பாட்டி பெயர் வரை சொல்லுங்கள். அவர் மனுவை ஆயர் இல்லத்துக்கு அனுப்புவார். ஓலை வாசிப்பதற்கு, அதாவது கோயிலில் திருமண அறிவிப்பு செய்வதற்கு முன்பே விலக்கு கைக்கு வந்துவிட்டால் நல்லது. ஈஸ்டர் வாரத்தில் அலுவலகத்தில் ஆள் கிடைப்பது சிரமம், இந்த வாரமே போய்விடுங்கள்.